கவிதா கொழும்புக்குப் போகிறாள்

ஜூலை, செவ்வாய் இரவு

முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்தபோது, ஒன்பது மாதத்தில் மறுபடியும் பந்து விளையாடலாம் என்றார் டாக்டர். ஒன்பது மாதம் முடிந்து இன்று கண்டிக்குப் போனோம். காலை மடக்கி இழுத்துப் பார்த்தவர், மூட்டு இன்னும் தளர்வாக இருக்கிறது, இன்னொரு வருஷத்துக்கு மைதானத்தை நினைக்கவே வேண்டாம் என்றுவிட்டார். அம்மாவும் நானும் பஸ் பிடித்து ஹட்டனுக்குத் திரும்பினோம்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் கவிதா நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே என்னோடு விளையாடுகிறவள். கொழும்பில் நடக்கும் தேசிய அணிப் பயிற்சிக்கு என் இடத்தில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"நீ இல்லாம நான் போகலடி" என்று அழுதாள்.

"லூசா நீ? டாக்டர் என்னைய ஓடச் சொல்லிட்டாரு. அடுத்த மாசம் நானும் வந்துருவேன். நீ முன்னால போ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். துள்ளிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்ட அம்மா வந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ள அங்க போய் ஒன்னைய எதிர்பாத்துக்கிட்டே இருக்குமேடி" என்றாள்.

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.