சத்தம் ஆகாத அறை

மாப்ள,

இன்று காலை கடலூரில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். தகரம் கிழித்த காலுக்கு ஊசி. நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்ததுதான் தாமதம், அந்த வாசனை என்னைப் பிடரியில் பிடித்து இழுத்துப்போய், சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டது.

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன இடத்தில் உன் பாதத்தில் ஆணி ஏறியது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கட்டினாய். புண் மேலே ஆறிப்போனது. ஒரு வாரம் கழித்து நான் உன் வீட்டுக்குள் நுழைகிறேன், நீ பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். திருவந்திபுரத்துத் தேரை நான் ஒற்றை ஆளாக இழுத்த வீர வரலாற்றை உடனே தொடங்கினேன். வரலாறு முடிந்தும் உன் சிரிப்பு முடியவில்லை. கண்ணில் மட்டும் நீர்.

"அண்ணா, காலையிலேர்ந்து இப்டியே இருக்காரு. வாயத் தொறக்க முடியல, காப்பி கூட எறங்கல" என்றாள் என் தங்கை.

சிதம்பரத்தில் டாக்டர் தணிந்த குரலில் சொன்னார்: "இது டெட்டனஸுங்க. கிருமி அந்தப் புண்ணுலயேதான் இருக்கு. அது கக்குற விஷம்தான் நரம்பு வழியா மேல ஏறுது. முறுக்குன தசைய 'போதும், விடு'ன்னு சொல்ற நரம்போட வாய அடைச்சிடும். பிரேக் புடுங்குன லாரி மாதிரி. நரம்புல ஒட்டுனத எடுக்க முடியாது, மீதிய முறிக்கத்தான் மருந்து. சத்தம், வெளிச்சம், எது பட்டாலும் இழுப்பு வரும். மூச்சு விடுற தசை இறுகிடுச்சின்னா..."

சத்தம் கூடாதாம்! நான் தேவனாம்பட்டினத்தில் தும்மினால் நடுக்கடலில் படகு திசை மாறும். என்னிடம் போய்ச் சொல்கிறார்.

அன்றே வராந்தாவில் யாரோ வாளியைக் கீழே போட்டார்கள். நீ வில்லாய் வளைந்தாய். தலையும் குதிகாலும் மட்டுமே கட்டிலைத் தொட்டன. மூச்சு நின்றது. தங்கை முந்தானையைக் கடித்துக்கொண்டாள். நர்ஸ் ஓடிவந்து ஊசி போட்டு, நீ மறுபடி மூச்சை இழுக்கும்வரை எனக்கும் மூச்சில்லை.

அதன்பின் அந்த அறையின் மௌனச் சக்கரவர்த்தி நானே. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன். ஜன்னல் காக்கைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். இருமலை விழுங்கினேன். வாரக்கணக்கில்.

ஒருநாள் உன் தாடை இளகியது. "மச்சான், அந்தத் தேர்க் கதை பொய்தானே?" என்றாய். சத்தமில்லாமல் அழ அன்றுதான் கற்றேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது தடுப்பூசி போட வந்தார்கள். "அதான் வந்துட்டுப் போயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்று முறைத்தாய். "ஆளக் கொல்ல அந்த விஷம் துளியூண்டு போதும். அவ்ளோ கொஞ்சத்த ஒடம்பு அடையாளம் கண்டு வச்சிக்காது. போடலன்னா மறுபடியும் வரலாம்" என்றார் டாக்டர். கையை நீட்டினாய்.

எத்தனையோ வருடம் நன்றாக இருந்தாய். போன மாதம் தூக்கத்திலேயே உன் இதயம் நின்றது. வாசலில் பறை அதிர்ந்தது. பையன்கள் முதல் வெடியைப் பற்றவைத்ததும் பாய்ந்து வந்து உன் இரண்டு காதையும் பொத்தினேன்.

"மாமா, என்னா பண்றீங்க?"

"வேணாம்டா, இழுப்பு வந்துடும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த வெடியும் வெடித்தது. அசைந்துவிடாதே என்று உன்னை அத்தனை நாள் காத்த நான், அசைய மாட்டாயா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். உன் காதுகளின் குளிர்ச்சி என் உள்ளங்கைகளை விட்டு இன்னும் போகவில்லை, மாப்ள.