அம்மா விட்ட இடம்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள். அம்மாவின் மின்நூல்களுக்கென்று நீ இணையத்தில் திறந்து கொடுத்த ஃபோல்டரை, அவளே போன பிறகு யார் பார்க்கப் போகிறார்கள், இந்த மாதத்தோடு மூடிவிடுகிறேன் என்று போனில் சொன்னாய். தயவு செய்து மூடாதே. போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா வேலை செய்த விதம் உனக்கு முழுசாகத் தெரியாது. ஸ்கேன் செய்து கணினி எழுத்தாக்கிய பழைய புத்தகங்களில் எழுத்துகள் கன்னாபின்னாவென்று மாறியிருக்கும். அதைத் திருத்த அலங்கார மென்பொருள் எதுவும் அவளுக்கு ஆகாது, தன் இஷ்டத்துக்கு எதையாவது நுழைத்துவிடும் என்பாள். வெறும் எழுத்தை மட்டும் காட்டும் சாதாரண எடிட்டர்தான். வேலையை நிறுத்தும் இடத்தில் மூன்று நட்சத்திரம் போடுவாள். மறுநாள் நட்சத்திரத்தைத் தேடினால் விட்ட இடம் வந்துவிடும். ஒருமுறை நான் உதவுகிறேன் பேர்வழி என்று, ‘எல்லாவற்றையும் மாற்று’ என்பதை அமுக்கி ஒரு நாவலையே குட்டிச்சுவராக்கினேன். அதோடு என்னை அந்த நாற்காலியில் உட்காரவே விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று ஒரு கப்பல் கதையின் நடுவில் நட்சத்திரம் போட்டிருந்தாள். எல்லாம் முடிந்து, வந்தவர்களும் போன பிறகு, மனசு கேட்காமல் அதைத் திறந்தேன். நட்சத்திரம் அடுத்த அத்தியாயத்தில் இருந்தது. இடையிலிருந்த பிழையெல்லாம் திருத்தியாகிவிட்டது. மறுநாள் இன்னும் தள்ளிப் போயிருந்தது.

நீதான் அங்கிருந்து செய்கிறாய் என்று நினைத்தேன். எந்தக் கணினியில் மாற்றினார்கள் என்று பார்த்தால், நம் வீட்டுக் கணினி. அப்பாவே தூக்கத்தில் செய்கிறார் என்று சொல்லிவிடாதே. ஒற்றை விரலால் தட்டுகிறவன் நான், அரைப் பக்கம் முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

பயந்துதான் போனேன். ஆனால் கதை முடியப் போகிறது என்றதும் வேறு பயம் பிடித்துக்கொண்டது. திருத்தாத புத்தகம் எதுவும் மிச்சமில்லை. அதனால் அவள் எப்போதோ திருத்தி முடித்த நல்ல புத்தகங்களைத் திறந்து, நானே அங்கங்கே கெடுத்து வைக்கிறேன். சிரிக்காதே. காலையில் சரியாகிவிடுகிறது. போன வாரம் கொஞ்சம் அதிகமாகவே கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது, வரி முழுக்க நட்சத்திரமாக இருந்தது. கோபம்தான், வேறென்ன.

இந்தக் கடிதத்தையும் அதே எடிட்டரில், அதே ஃபோல்டரில்தான் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கிறேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கடைசியில், ‘நான் நன்றாக இருக்கிறேன், நீ அலைந்துகொண்டு வர வேண்டாம்’ என்று எழுதியிருந்தேன். காலையில் அந்த வரியைக் காணோம். திரும்ப எழுதினேன். மறுபடியும் காணோம்.

இனி நான் அதை எழுதவில்லை, பாப்பா.

எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

அப்பா