‘பார்த்தேன், சரி’ என்று நீ எழுதிய மூன்று பெட்டிகள்

என் பிரியமுள்ள அந்தோணிக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்குவதே முறை. ஐந்து மாதங்களுக்கு முன் வந்த காய்ச்சல் அந்த முறைக்கு இடமில்லாமல் செய்துவிட்டது; நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன்மீதான குற்றச்சாட்டு தெருவில் மாட்டப்பட்டிருக்கிறது. ஆகையால் என் பதிலையும் ஊரார் படிக்கும்படி அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

பலகை இன்னும் இறங்கவில்லை. பிரிகேட் ரோட்டில் நீ பதினோரு வருஷம் உழைத்த அந்த பிராந்திக் கடையின் வாசலில், கலப்பட விஸ்கிக்கு உடந்தையாயிருந்து நீக்கப்பட்டவன் என்று உன் பெயர் தொங்குகிறது. உன் மனைவி லூர்து மேரி கோவிலுக்கு வேறு தெருவழியாகச் சுற்றிப் போகிறாள்.

சீமையிலிருந்து வரும் ஒவ்வொரு ஸ்காட்ச் பெட்டியிலும் ஒரு புட்டியைத் திறந்து, அசல்தானா என்று தீர்ப்புச் சொல்வது உன் வேலை. யுத்தத்தால் கப்பல்கள் குறைந்த சென்ற வருஷம், மூன்று பெட்டிச் சரக்கைக் கலப்படம் என்று பட்டாளத்து அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். மூன்றுக்கும் உன் கையெழுத்து இருந்தது.

வேலை போன அன்று நீ என் ஆபீசுக்கு வந்தாய்.

“நீயாவது நம்புறியாடா?”

“நோட்டைக் குடு. பாத்துட்டுச் சொல்றேன்.”

“சரிதான். என்னையும் கூண்டுல ஏத்திட்டியா, வக்கீலே?” என்று சிரித்தாய். ஆனாலும் நோட்டைக் கொடுத்தாய்.

சென்ற வருஷத்துக் கடைப் புத்தகத்துக்கு நகலாக நீ வைத்திருந்த அந்த நோட்டில், பக்கம் பக்கமாக ‘ருசி பார்த்தேன், சரி’ என்றிருந்தது. அந்த மூன்று பெட்டிகளுக்கு மட்டும் ‘பார்த்தேன், சரி’. ருசி என்ற சொல் விடுபட்டிருந்தது. பின்னால் தப்பித்துக்கொள்ள வழி வைக்கிறவன்தான் அப்படி எழுதுவான் என்று முடிவு செய்தேன். ஏனெனில் நானே பத்திரங்களில் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன்னிடம், “யோசிக்கணும்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அதன்பின் உன்னைச் சவப்பெட்டியில்தான் பார்த்தேன்.

போன மாதம், அந்தச் சரக்கில் திருப்பி அனுப்பாமல் விடுபட்ட புட்டி ஒன்றை ஓர் அதிகாரியின் பட்லரிடம் கேட்டு வாங்கி, நல்ல புட்டி ஒன்றின் பக்கத்தில் வைத்துச் சோதித்தேன். லேபிளின் அச்சில் வித்தியாசம் இல்லை. தக்கையில் துளை ஒன்று கூடுதலோ என்று தோன்றியது, சத்தியம் செய்யமாட்டேன். உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தேன். இரண்டிலும் அதே புகை வாசனை. போலியில் அசலையும் கொஞ்சம் கலந்திருக்க வேண்டும். நாக்கில் விட்டபோதுதான் போலியில் கருக்கிய சர்க்கரையின் தித்திப்பும் அதன் பின்னால் பட்டைச் சாராயத்தின் எரிச்சலும் தெரிந்தன. வாயைக் கொப்பளித்து, புட்டிகளை இடம் மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். சந்தேகமே இல்லை. வருஷத்தில் இரண்டு முறை விஸ்கியைத் தொடும் எனக்கே அகப்பட்டது உன் நாக்குக்கா தப்பும்? உன்மேல் இருந்த ஐயம் எனக்கு உறுதியாயிற்று.

சென்ற புதன்கிழமை லூர்து மேரி, நெற்றியில் சாம்பலோடு, பலகையை எடுக்க வழி கேட்டு வந்தாள். நோட்டை அவள் முன் வைத்தேன்.

“இந்த மூணுக்கு மட்டும் ஏம்மா ருசின்னு எழுதல?”

தேதிகளைப் பார்த்து விரல்விட்டு எண்ணினாள். “இது தபசு காலம் அண்ணே. விபூதிப் புதன்லேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு வாயில வெக்கமாட்டாரு. மோந்து பாக்கறதோட சரி. பாக்காத ருசிய பாத்தேன்னு எப்படி எழுதுவாரு?”

“கடையில தெரியுமா?”

“தெரியாம? சாம்பலோடதானே வேலைக்குப் போவாரு. ‘இன்னிலேர்ந்து நம்ம அந்தோணிக்கு மூக்கு மட்டும்தான், நாக்கு லீவு’ன்னு அந்த மேனேஜரு வருஷா வருஷம் கேலி பண்ணுவாராம்.”

அந்தோணி, அந்தச் சாம்பலோடு நீ என் வீட்டுக்கும் வந்திருக்கிறாய். தினமும் திருநீறு பூசுகிற நான், என்னைப்போல நீயும் பூசியிருக்கிறாய் என்று எண்ணினேனே தவிர, ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. எதிர்க்கட்சிச் சாட்சியிடம் ஆயிரம் கேள்வி கேட்பவன் உன்னிடம் ஒன்று கேட்கக்கூடாதா?

உன் பக்கமும் பிழை உண்டு, மறைக்கமாட்டேன். நாற்பது நாளைக்கு வேறு ஆளை வையுங்கள் என்று நீ முதலாளியிடம் கேட்டிருக்க வேண்டும். அது கவனக்குறைவு. கபடம் அல்ல. மூக்குக்குத் தப்பி நாக்குக்குத் தப்பாத சரக்கு, உன் நாக்குக்கு லீவான நாட்களில் மட்டும் எப்படி வந்தது? அந்த லீவை அறிந்தவர் யார்? பெயரை நான் எழுதவில்லை; கேள்வியை மட்டும் முதலாளிக்கு நோட்டீஸாக அனுப்பியிருக்கிறேன். பலகையை எடுத்துவிடுவதாக ஆள் மூலம் சொல்லியனுப்பினார். வாய்வார்த்தையை நான் நம்புவதில்லை, கையெழுத்துக் கேட்டிருக்கிறேன்.

கையெழுத்து வராவிட்டால் வழக்கு. அதில் முதல் சாட்சி நானே. இந்த நோட்டைப் படித்து உன்னைக் குற்றவாளி என்று தீர்மானித்தவன் நான் என்பதை, எவரும் குறுக்கே கேட்குமுன் கூண்டில் ஏறிச் சொல்வேன். இந்த ஈஸ்டருக்குள் அந்தப் பலகையை இறக்குவேன். லூர்து மேரி பிரிகேட் ரோடு வழியாகவே பூசைக்குப் போவாள். கடை வாசல் தாண்டும்வரை நான் கூட நடப்பேன்.

இப்படிக்கு,
உன் நண்பனும், உன் மனைவி ‘அண்ணே’ என்று அழைப்பதால் உனக்கு மைத்துனனுமான
சண்முகசுந்தரம்
அல்சூர், பெங்களூர்