அதிகரிக்கக் கூடும்

மாம்புரி,
22.08.2017

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். ஹிதாயா சுகம். அதை முதலில் நம்புங்கள். என்னைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை, குவைத்தில் உங்களுக்குத் துணையாக இருக்கிற றைஸா தாத்தாவிடம் கொடுத்துவிடுகிறேன். லீவு முடிந்து சனிக்கிழமை அவர் குவைத்துக்குத் திரும்புகிறாராம். தில்லையடிக்குப் போய் அவருடைய கையிலேயே கொடுப்பேன். உங்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறவரும் அவர்தான். தாத்தா, நீங்கள் எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி, தயவுசெய்து அவசரப்படாமல் வாசியுங்கள். வரி முடிகிற இடத்தில் சொல்லும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று வாசிக்கும்போது விளங்கும்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் ஃபோன் எடுத்தபோது தங்கச்சி ஹிதாயாவுடன் கதைத்தீர்கள். பிறகு பக்கத்து வீட்டுப் பளீலா சாச்சியுடன் கதைத்தீர்கள். என்னிடமும் கொடுக்கச் சொல்வீர்கள் என்று கையைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். நீங்கள் சொல்லவில்லை. சாச்சி ஃபோனை வைத்துவிட்டு, "என்ட புருஷன் மௌத்தான ஆஸ்பத்திரிக்கே என்ட புள்ளையையும் கொண்டு போனாளா எண்டு உங்கட உம்மா அழுறா" என்றார். வாப்பா இறந்த ஆஸ்பத்திரிதான், அது உண்மை. நான் குசினிக்குள் போய்விட்டேன். நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் தேத்தண்ணியை ஹிதாயாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு அலுமாரிக்குப் பின்னால் நிற்கிறவள். ஃபோனில் உங்கள் மூச்சைக் கேட்டாலே எனக்குக் கதைக்க வராது. எழுத வரும்.

நான் ஏன் அவளை அங்கே கொண்டு போனேன் என்று சொல்ல வேண்டுமென்றால், வாப்பாவுக்கு என்ன நடந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். ஏழு கிழமையாக நான் யாருக்கும் சொல்லாதது.

பெருநாள் முடிந்து சில நாளில்தான் வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. கச்சான் காற்று பலமாக இருந்ததால் அந்தக் கிழமை வள்ளம் கரையிலேயே கிடந்தது. "கடலுக்கும் லீவு, எனக்கும் லீவு" என்று சொல்லிக்கொண்டே படுத்தார். மூன்றாம் நாள் கற்பிட்டியில் டொக்டரிடம் போய் இரத்தம் சோதித்தோம். டெங்கு என்றார்கள். இரத்தத்தில் பிளேட்லட் இறங்குகிறது, ஆஸ்பத்திரியில் நிற்பது நல்லது, நிற்காவிட்டாலும் நாளைக்குக் கட்டாயம் திரும்பிச் சோதிக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். துண்டுத் தாளிலும் எழுதித் தந்தார். அந்தத் துண்டு இன்னும் குர்ஆன் வைக்கிற தட்டில் இருக்கிறது.

அன்று பின்னேரம்தான் அந்தப் படம் ஃபோனில் வந்தது.

உம்மா, அந்தப் படத்தை அனுப்பியது நீங்கள். முன்பெல்லாம் எதை அனுப்பினாலும் பார்த்தீர்களா, செய்தீர்களா என்று மூன்று தடவை கேட்பீர்கள். இதைப் பற்றி ஒரு தடவையும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் அதையே நினைத்துக்கொண்டு, வேலை செய்கிற அந்த வீட்டுத் தரையைத் துடைக்கிறீர்கள். ஊரில் இருந்திருந்தால், புருஷனை இழந்தவர்களுக்குரிய நாலு மாதமும் பத்து நாளும் இத்தாவில் அறைக்குள் இருந்து அழுதிருப்பீர்கள். அங்கே அழவும் இடமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

படத்தில் பச்சை இலை ஒன்றும், கழுத்தில் குழாய் போட்ட டொக்டர் ஒருவரும் இருந்தார்கள். எழுத்துத் தெரியாத ஒருவருக்கு அதைப் பார்த்தால் நல்ல செய்தி என்றுதான் தோன்றும். நல்லது நடக்கட்டும் என்றுதான் அனுப்பினீர்கள். கீழே இருந்த எழுத்து என்ன சொல்கிறது என்று பார்ப்பது உங்கள் வேலையல்ல. அது என்னுடைய வேலை. நீங்கள் குவைத்துக்குப் போனபோது நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்படியிருந்தும் இந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. வாப்பா வேறு, யார் வந்தாலும் "எங்கட மகள் வாசிப்பா" என்று சொல்வார்.

அன்றும் அப்படித்தான், "உம்மா என்ன அனுப்பி இரிக்கிறா, வாசிங்க மகள்" என்றார். வாசித்தேன். அதில் பப்பாளி என்று இருந்தது. அது இந்தியாவில் எழுதியது போல. பப்பாளி என்றால் எங்கட பப்பாசி என்று நானே விளக்கம் சொன்னேன். அது சரிதான். அடுத்ததில்தான் பிழைத்தேன்.

"பப்பாளி இலைச் சாறு குடித்தால் தட்டணுக்கள் அதிகரிக்கக்" என்று ஒரு வரி முடிந்தது. தட்டணு என்பது டொக்டர் சொன்ன பிளேட்லட்தான். "கூடும்" என்பது கீழ் வரியில் தனியாக இருந்தது. நான் அதிகரிக்கும் என்று வாசித்து நிறுத்தினேன். பிறகு கூடும் என்று வாசித்தேன். காய்ச்சல் கூடும், காற்றுக் கூடும் என்று நாங்கள் சொல்கிறோமே, அந்தக் கூடும் என்று நினைத்தேன். வாப்பா விளங்காமல் பார்த்தார். "ரெண்டு தரம் போட்டிரிக்கி வாப்பா. அதிகரிக்குமாம், இன்னும் கூடுமாம்" என்று விளக்கினேன். வாப்பா சிரித்தார். "ரெண்டு தரம் கூடுமெண்டா ரெண்டு கோப்பையா அடிங்க" என்றார்.

சாச்சியின் வீட்டு வளவிலிருந்து இலை பிடுங்கி வந்து இடித்துப் பிழிந்து கொடுத்தேன். கசப்பில் முகத்தைச் சுளித்து, "இவ்வளவு கசந்தா நல்ல மருந்துதான்" என்றார். அடுத்த நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. உடம்பு குளிர்ந்து கிடந்தது. இனி எதற்குச் சோதனை என்று கேட்டார். நானும் போவோம் என்று சொல்லவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் கஞ்சி காய்ச்சினேன். நீங்கள் ஃபோன் எடுத்தபோது, உங்கட மருந்து வேலை செய்துவிட்டது என்று வாப்பாதான் சொன்னார். நீங்கள் சிரித்தது எனக்கும் கேட்டது.

அதற்கு அடுத்த நாள் வயிறு வலிக்கிறது என்றார். சத்தி எடுத்தார். கையும் காலும் ஐஸ் போல இருந்தன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். போன பிறகு அவர்கள் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள், உம்மா. அடுத்த நாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது. டொக்டர் சிங்களத்தில் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் மோசமான நேரம். நேற்றே கொண்டு வந்திருக்க வேண்டும்.

சேலைன் ஏற்றித்தான் கொன்றார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள். நான் ஏழு கிழமையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர்கள் மேல் பழி இருக்கும் வரைக்கும் என்னை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

பிழை எங்கே என்று தெரிந்தது ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகுதான். ஹிதாயா பழக்கத்தில் வாப்பாவுடைய ரேடியோவைப் போட்டுவிட்டாள். வாப்பா கேட்கிற வானிலை அறிக்கை போனது. புத்தளத்திலிருந்து மன்னார் வரையான கடற்பரப்பில் காற்றின் வேகம் அதிகரிக்கக்கூடும் என்று சொன்னார்கள். கையிலிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன்.

வாப்பா அந்த வசனத்தை ஒவ்வொரு நாளும் கேட்பார். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். "கூடும் எண்டு ரேடியோக்காரன் செல்றான் மகள். கூடாமலும் போகும். வாங்க, போய்ப் பாப்பம்" என்று கரைக்குப் போவார். காய்ந்த மணலைக் கையில் அள்ளி விடுவார். மணல் போகிற பக்கத்தைப் பார்ப்பார். கடல் உள்ளே நுழைகிற தொடுவாயில் அலை உடைகிற இடத்தைப் பார்ப்பார். பக்கத்து வள்ளக்காரரிடம் கேட்பார். ரேடியோ சொன்னது பொய் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அது மட்டும் போதும் என்றும் சொன்னதில்லை.

உம்மா, அது வாப்பாவுடைய சொல். நான் சரியாக வாசித்திருந்தால் அவருக்கு உடனே விளங்கியிருக்கும். கூடாமலும் போகும், வாங்க போய்ப் பாப்பம் என்று அடுத்த நாள் சோதனைக்கு எழும்பியிருப்பார். நான் அவருடைய சொல்லை இரண்டாக உடைத்துக் கொடுத்துவிட்டேன்.

பிறகு அந்தச் செய்தியை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன். முடிவில் நீல எழுத்தில் இங்கிலிஷில் ஏதோ இருந்தது. முதலில் பார்த்தபோது அதோடு செய்தி முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். விரலை வைத்தேன். கீழே இன்னும் திறந்தது. சிலரில் மட்டும் செய்து பார்த்த ஆரம்ப ஆய்வு என்று இருந்தது. இது சிகிச்சைக்குப் பதிலாகாது, நோயாளியை மருத்துவமனையில் காட்டுங்கள் என்று இருந்தது. எல்லாம் அதிலேயே இருந்தது, உம்மா. எந்த நாட்டில், எந்த வருடம் செய்த ஆய்வு என்று மட்டும் இல்லை. அந்த டொக்டரின் படத்தையும் பிறகு வேறொரு செய்தியில் பார்த்தேன். அதில் அவர் முடி வளர்க்கும் எண்ணெய்ப் போத்தலோடு நின்று சிரிக்கிறார்.

சாறு வாப்பாவைக் கொல்லவில்லை. சாற்றை நம்பி வீட்டில் இருந்த அந்த ஒரு நாள்தான் கொன்றது.

இனி ஹிதாயாவின் கதை. இந்த மாதம் ஏழாம் திகதி அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கலண்டர் தாளைக் கிழித்து, எத்தனை மணிக்குக் காய்ச்சல், என்ன குடித்தாள், எத்தனை தரம் சலம் போனாள் என்று அதன் பின்பக்கத்தில் எழுதினேன். சாச்சி இலையோடு வந்தார். "அங்க கொண்டு போகாதீங்க. வாப்பாவ எப்படி அனுப்பினாங்க எண்டு கண்டீங்கதானே" என்றார். நான் "இல்ல சாச்சி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கே சாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, எட்டாம் வகுப்பு டொக்டர் கதைக்கிறாங்க" என்று சத்தமாகச் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் சிரித்தார்கள். முந்தி என்றால் அதோடு செத்துப் போயிருப்பேன். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். எட்டு வயதுப் பிள்ளை, கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

வாப்பா படுத்திருந்த வார்ட்டைத் தாண்டித்தான் பிள்ளைகளின் வார்ட்டுக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன்.

அவளுக்கும் டெங்குதான். கலண்டர் தாளை நேர்ஸிடம் கொடுத்தேன். இதை எழுதச் சொன்னது யார் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். ஆறு நாள் வைத்திருந்தார்கள். காய்ச்சல் விட்ட அன்று எல்லோரையும்விட நான்தான் பயந்தேன். அன்று ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வந்து பார்த்தார்கள். எவ்வளவு தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அளந்து சொன்னார்கள். பிளேட்லட் இரண்டு நாள் இறங்கியது. மூன்றாம் நாள் கூடியது. கூடும் என்றல்ல, உம்மா, கூடியது. தாளில் என் கண்ணாலேயே பார்த்தேன். வெளியே வந்து நின்று, வாப்பாவிடம் சொல்ல முடியவில்லையே என்று அழுதேன்.

நான் முகம் கழுவப் போன நேரத்தில் தான் ஒரு கரண்டிச் சாறு கொடுத்ததாகவும், அதுதான் பிள்ளையைக் காப்பாற்றியதாகவும் சாச்சி எல்லோரிடமும் சொல்கிறார். வாப்பா ஐந்து கோப்பை குடித்தார். அதைச் சாச்சியிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் எங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் செய்தார்.

ஹிதாயா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். பாணுக்குச் சம்பல் உறைக்கவில்லை என்று சண்டை பிடிக்கிறாள். வாப்பாவுடைய ரேடியோவைத் தன்னுடையது என்கிறாள். வானிலை அறிக்கை முடிந்ததும் கரைக்கு ஓடிப் போய் மணலை அள்ளி விடுகிறாள். நான் தூரத்தில் நிற்பேன்.

உம்மா, நீங்கள் அனுப்பியது ஒரு படம். அதற்கு வாய் கொடுத்தவள் நான். ஆகையால் இது உங்களுடைய பாரம் அல்ல. இதை நீங்கள் தூக்க வேண்டாம். இறக்கி என் பக்கம் வைத்துவிடுங்கள். இனி எதையாவது பார்த்து எங்களுக்கு நல்லது என்று தோன்றினால் அனுப்புங்கள். அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள். நீங்கள் அனுப்புகிறவை வராமல் இந்த ஃபோன் வெறும் கல்லாகக் கிடக்கிறது. நான் கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன். விளங்காததைப் போய்க் கேட்பேன். எனக்கு இப்போது கேட்க வருகிறது.

இதை வாசித்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை ஃபோன் எடுக்கும்போது என்னிடமும் கொடுக்கச் சொல்லுங்கள். கோபம் என்றால் கோபம் என்றே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மன்னித்தேன் என்றால் அதைச் சொல்லுங்கள். மன்னிக்கக் கூடும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உம்மா. அந்தச் சொல்லை இப்போது எனக்குச் சரியாக வாசிக்கத் தெரியும்.

அல்லாஹ் உங்களுக்குத் தூக்கத்தைத் தரட்டும். வாப்பாவுடைய கப்றை வெளிச்சமாக்கட்டும்.

உங்கள் மூத்த மகள்,
நஸ்மியா