வழக்குப் போடச் சொல்லி ஒரு நேர்த்தி

அக்கா,

உங்கள் மகனைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாண பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருக்கிறேன். கையெல்லாம் பாரைமீன் பொரியல் மணம். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக என் கையில் மீன்! நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

நாம் பழகியதே இதனால்தானே. சிறை வாசலில், கொண்டுபோகும் சாப்பாட்டில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நாங்களே தின்று காட்டினால்தான் உள்ளே எடுப்பார்கள். என் கணவர் நண்டுக்கறி கேட்டிருந்தார். எனக்கோ வெள்ளி விரதம். வட்டுக்கோட்டைக்காரி நான் முழித்துக்கொண்டு நிற்க, பின்னால் நின்ற குருநகர்க்காரி நீங்கள் கையை நீட்டினீர்கள். "தள்ளி நில்லும் பிள்ளை, உம்மடை விரதத்தை நான் காப்பாத்துறன்." நண்டுக்கால் ஒன்றையே முடித்துவிட்டீர்கள்! அன்றிலிருந்து எனக்கும் சேர்த்துத் தின்றது நீங்கள்தான்.

என்னவரை ஒருநாள் போகச் சொல்லி விட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. உங்கள் மகன் மட்டும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், வழக்கும் இல்லாமல் விடுதலையும் இல்லாமல் உள்ளேயே கிடந்தான். அவனைப் பார்க்க உங்களுக்குத் துணையாக நானும் வந்துகொண்டிருந்தேன்.

"வெளியில விட்டு, நாளைக்குக் குண்டு வெடிச்சா யார் பொறுப்பு?" என்று ஒரு காவலர் கேட்டபோது நான் சண்டைக்கே போய்விட்டேன். நீங்கள்தான் என்னை இழுத்துப் பிடித்தீர்கள். "அவர் கேக்கிறதிலையும் ஞாயம் இருக்குப் பிள்ளை. குண்டிலை சாகிறதும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே. செய்தவனெண்டால் தண்டிக்கட்டும், செய்யாதவனெண்டால் விடட்டும். ரெண்டுமில்லாமல் வைச்சிருக்கிறதுதான் எனக்கு விளங்கேல்லை."

பிறகு அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தீர்கள், மகன்மேல் வழக்குப் போடவேண்டும் என்று. "உங்களுக்கென்ன விசரே அக்கா? எந்தத் தாய் உப்பிடிக் கேப்பாள்?" என்று ஏசினேன். "வழக்கு வந்தால்தானே ஒரு முடிவு வரும்" என்றீர்கள். எத்தனை மெழுகுதிரி கொளுத்தியும் வழக்கு வரவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள். செத்தவீட்டுக்குக்கூட அவனை விடவில்லை, பாவிகள்.

இன்று முதல் தடவையாக நான் தனியே போனேன். மீனை நானே தின்று காட்டினேன், பிள்ளையார் பொறுத்துக்கொள்வார். அவன் அழவில்லை. கம்பியைப் பிடித்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"மாமி, நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு அம்மா நம்பினவவோ?"

"ஓம்" என்றேன், யோசிக்காமலே.

அதை நான் உங்களிடம் ஒருநாளும் கேட்கவில்லை, நீங்களாகவும் சொல்லவில்லை. உள்ளே போன நாளிலிருந்து அவனுக்குக் கிடைத்த ஒரே தீர்ப்பு என் வாயால் வந்திருக்கிறது. நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள், என்ன அக்கா?