அமைச்சர் பெயர் முதலில் வராத செய்தி

பக்கத்து வீட்டுக்காரிக்கு,

இன்று ஆபீசில் யாரோ வேலையை விட்டுப் போகிறார் என்று லஞ்ச் வரவழைத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை. ஊறிய தேயிலை, வறுத்த பூண்டு, எலுமிச்சை. சான்டா கிளாராவில் பர்மாத் தேயிலை சாலட் இப்போது எல்லாருக்கும் பழகிவிட்டது. நான் தட்டை எடுத்துக்கொண்டு பார்க்கிங் லாட்டில் என் காருக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். நீ செய்வதில் பாதிகூட இல்லை. ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அந்த அபார்ட்மென்டுக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரமே உன் குரலைக் கேட்டுவிட்டேன், உன்னைப் பார்ப்பதற்கு முன்பே. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ புரியாத பாஷையில், ஏற்ற இறக்கம் இல்லாமல், நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். தயிருக்கு உறை கேட்கிற சாக்கில் கதவைத் தட்டினேன். நீ தமிழில் பதில் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ரங்கூன் தமிழச்சிடி நான். உள்ள வா, ஸ்டூடியோவக் காட்டறேன்" என்று உடைகள் தொங்கும் க்ளாசெட்டைத் திறந்தாய். கோட்டுகளுக்கு நடுவே ஒரு மைக். "கோட்டெல்லாம் எதிரொலிய முழுங்கிடும். காசில்லாத ரேடியோவுக்கு இது போதும்."

பகலில் பல் டாக்டர் கிளினிக்கில் வேலை. சாயங்காலம், பர்மாவில் விடிகிற நேரத்துக்கு, நாட்டை விட்டு வந்தவர்கள் நடத்திய வானொலிக்கு அந்த க்ளாசெட்டுக்குள்ளிருந்து செய்தி வாசித்தாய். அதற்கு முன் அங்கே அரசுத் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பாளர். அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். "நாங்க எதுவும் எழுத வேண்டாம். மேலேருந்து வரும். ஜெனரல் பாலத்தத் திறந்தாரு, ஜெனரல் பள்ளிக்கூடத்தப் பாத்தாரு. அவரு பட்டத்தையெல்லாம் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குத் தொண்டை வறண்டுடும்." ஒரு தடவை மட்டும் சிரிக்கவில்லை. தெருவில் ஊர்வலம் போனவர்களை ராணுவம் சுட்டுவிட்டது. சிதறிக் கிடந்த செருப்புகளைத் தாண்டி வேலைக்குப் போய், நகரம் அமைதியாக இருக்கிறது என்று வாசித்தாய். அதற்கப்புறம் அந்த ஊரில் இருக்க முடியவில்லை என்றாய்.

பிறகு அங்கே காற்று மாறியது. ராணுவம் கொஞ்சம் ஒதுங்கியது. தேர்தல் வரும் என்றார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை போயிற்று என்றார்கள். அரசுத் தொலைக்காட்சியை அமைச்சகத்தின் கையிலிருந்து எடுத்து, யாருக்கும் கட்டுப்படாத ஒரு வாரியத்திடம் ஒப்படைக்கச் சட்டம் எழுதப்போகிறார்கள், செய்திப் பிரிவைச் சீர்படுத்த ஆள் வேண்டும் என்று உன்னைக் கூப்பிட்டார்கள். ஏர்போர்ட்டுக்கு நான்தான் டிரைவ் பண்ணினேன். ஃப்ரீவேயில் டிராஃபிக் நகரவே இல்லை. அந்த நேரத்திலும் உன்னைத் தடுக்கப் பார்த்தேன்.

"கிரீன் கார்டு இருக்கு, இன்ஷூரன்ஸ் இருக்கு. அங்க போய் என்னடி பண்ணப் போற?"

"ஒரு நாளாவது அமைச்சர் பேரு முதல்ல வராம நியூஸ் வாசிக்கணும்டி. அவ்வளவுதான்."

அது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்ததா? தினமும் மதியம் அமைச்சகத்திலிருந்து வந்துகொண்டிருந்த போனை முதல் மாதமே நிறுத்தவைத்தாய். அடுத்த நாளே உன் ஆட்கள் அவர்களாகவே அமைச்சகத்துக்குப் போன் போட்டு, இன்றைக்கு எதை முதலில் சொல்லட்டும் என்று கேட்டார்கள். நீ என்னிடம் அதைச் சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று உனக்கே தெரியவில்லை. "'போன் வரலன்னாதான் பயமா இருக்கு மேடம்'ங்கறாங்கடி. நான் என்னத்தச் சொல்ல?"

பிறகு வெள்ளம் வந்தது. அந்த வீடியோவை எனக்கு அனுப்பினாய். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு பெண் பேசுகிறாள். யாரும் அவளை இடைமறிக்கவில்லை. அவள் பேசி முடித்த பிறகுதான் அமைச்சர் வருகிறார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. போன் போட்டுக் கேட்டேன். "அரிசி வந்ததுன்னு டிவில சொன்னீங்களே, எங்க வந்ததுன்னு கேக்கறா. எங்க டிவியவே எங்க டிவில கேக்கறா!" என்றாய். அன்றைக்கு உன் குரலில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

தேர்தலில் ராணுவத்தின் ஆட்கள் தோற்று, மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று இங்கே கேக் வெட்டினோம். சட்டம் மட்டும் வரவில்லை. புதிய அமைச்சர் உன்னைக் கூப்பிட்டு, "இப்ப நம்ம ஆட்சிதானே, டிவி நம்மகிட்ட இருந்தா என்ன தப்பு?" என்று கேட்டாராம். நல்ல மனிதர்தான், ஜெயிலுக்குப் போனவர்தான் என்று நீயே சொன்னாய். "அவருக்கும் அந்த மைக் பிடிச்சுப் போச்சுடி" என்றாய்.

அதைவிட மோசமானது அடுத்து நடந்தது. மேற்கே சிறுபான்மை முஸ்லிம்களின் ஊர்களை ராணுவம் எரித்தது. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி ஓடினார்கள். உன் செய்தி அறையில் அவர்களை வந்தேறிகள் என்று எழுதினார்கள். அமைச்சகம் சொல்லவில்லை, ஜெனரல் சொல்லவில்லை. நீ பயிற்சி கொடுத்த பிள்ளைகள் தாங்களாகவே எழுதினார்கள். அந்தச் சொல்லை நீ அடித்தாய். அங்கே ஒரு கேமராவை அனுப்பலாம் என்றாய், யாரும் போகத் தயாராக இல்லை. சில நாளில் உன்னைப் பழைய டேப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

"திரும்பி வந்துடு" என்றேன். "சட்டம் வந்துட்டா சரியாயிடும். இன்னும் கொஞ்சம் பாக்கறேன்" என்றாய். அந்தக் கொஞ்சம் வருஷக்கணக்கில் நீண்டது.

ஒருநாள் காலையில் ராணுவம் திரும்பி வந்தது. அந்தத் தொலைக்காட்சியைப் பிடிக்க அவர்கள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அதே கட்டடம், அதே அமைச்சகம், அதே மேசை. அமைச்சர் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தார். சாயங்காலச் செய்தியில் ஜெனரலின் பட்டங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. நீ வேலைக்குப் போக மறுத்தாய். கூட வேலை பார்த்தவர்களையும் வெளியே வரச் சொல்லி வீடு வீடாகப் போய்ப் பேசினாய். பாதிப் பேர் வந்தார்கள்.

தேடப்படுபவர்களின் பட்டியலைத் தினமும் டிவியில் வாசித்தார்கள். அதில் ஒருநாள் உன் படம். நீ தங்கை வீட்டில் ஒளிந்திருந்து அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினாய்.

"என் பேர வாசிச்சது யாரு தெரியுமா? நான் சொல்லிக் குடுத்த பொண்ணு."

நான் அவளைத் திட்ட ஆரம்பித்தேன்.

"திட்டாதடி. அவ புருஷனுக்கு வேலை போச்சு, ரெண்டு குழந்தை. நானும் அந்த நாற்காலில உக்காந்தவதானே." என்றாய். பிறகு சொன்னாய், "பேர மட்டும் தப்பில்லாம வாசிச்சா. மத்தவங்க எல்லாம் என் தமிழ்ப் பேரக் கொன்னுடுவாங்க."

அதுதான் உன் கடைசிப் போன். அந்த வாரமே பிடித்துக்கொண்டு போனார்கள். மழைக்காலத்தில் உன் தங்கை கூப்பிட்டாள். "அக்கா ஹார்ட் அட்டாக்ல போயிட்டான்னு ஜெயில்லேருந்து சொல்றாங்க. அக்காவுக்கு ஹார்ட்ல ஒண்ணுமே இல்லையே, உங்களுக்குத் தெரியும்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். உடலைக் கொடுக்கவில்லை. சிறைக்குள்ளேயே எரித்துவிட்டார்களாம்.

ஃப்ரீமான்டில் ஒரு ஹாலில் உனக்காகக் கூடினோம். பேசிய எல்லாரும் உன் உழைப்பு வீண்போகாது என்றார்கள். என் மகள் காரில் வரும்போது, "இஸ் தட் ட்ரூ, அம்மா?" என்று கேட்டாள். உன் க்ளாசெட் வாசலில் சத்தம் போடாமல் உட்கார்ந்து படம் வரைந்த பிள்ளை. அவளிடம் ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏனென்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீ மாற்றப் போனாய், மாறவில்லை. வெள்ளத்தில் நின்ற அந்தப் பெண்ணை ஒரு நாடு ஒரு சாயங்காலம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. உன்னைக் கொன்றுவிட்டு மாரடைப்பு என்றார்கள். மகளிடம் இதைத்தான் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்னும் இனிப்பாகச் சொல்லியிருக்கலாம் என்று என் கணவர் சொன்னார். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பொய்யை வாசிக்க மாட்டேன் என்று போனவளைப் பற்றியே ஒரு பொய்யைச் சொல்ல என்னால் முடியவில்லையடி.