ஈரக் கழிவு போடாத கடிதம்

மேல் டிவிஷன், மூன்றாவது லயம்,
கேமரன் மலை.
வெள்ளிக்கிழமை

என் மருமகள் பூவிழிக்கு,

தேயிலைக் கொழுந்து லாரிகளின் சக்கரவர்த்தியும், மூடுபனியில் கண்ணை மூடிக்கொண்டே மலைப்பாதை வளைவுகளை வென்றவனும், பகாங் மாநிலத்தின் இரண்டாவது அழகான மீசைக்குச் சொந்தக்காரனுமாகிய உன் தாய்மாமன் சிங்காரம், நீ போனை எடுக்காத காரணத்தால் பேனாவை எடுத்து எழுதிக்கொள்வது. முதல் மீசை யாருடையது என்று நீ கேட்க வேண்டும். கேட்டால்தான் சொல்வேன்.

இங்கே நான்கு நாளாக மழை. உன் அம்மா சாப்பிடுகிறாள். அதாவது, சாப்பிட்டதாகச் சொல்கிறாள். கடிதத்தைக் கோலா தெர்லா கிராமத்துப் புனிதனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ இருக்கும் கோலாலம்பூருக்குக் கோஸ் ஏற்றிப் போகிறான். காகிதத்தில் கோஸ் வாசம் அடித்தால் அவனைத் திட்டு, என்னைத் திட்டாதே. என்னைத் திட்ட வேறு காரணம் இருக்கிறது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, மருமகளே. உன்னைப் பலவந்தப்படுத்தியவன் அந்தப் பாட்டுக்காரன். நிற்பதோ நீ. மூன்று நாள் சாட்சிக் கூண்டில் நின்றாய். அவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான், எத்தனை முறை கண்ணைத் துடைத்தான் என்று பத்திரிகையில் அரைப் பக்கம் வருகிறது. உன் பெயரைப் போடக்கூடாது என்பது சட்டமாம். போடவில்லை. உன் வயது, உன் பள்ளிக்கூடம், நம் லயத்து வாசல், என் பெயர், என் மீசை எல்லாவற்றையும் கலரில் போட்டுவிட்டார்கள். இதற்குப் பெயர் மறைப்பதா?

அது நடந்த மறுநாள், உன் முதலாளியான அவனுக்கு 'தேங்க்யூ சார்' என்று ஏன் மெசேஜ் அனுப்பினாய் என்று அவன் வக்கீல் கேட்டாராமே. போன மாதம் தோட்டத்து மேனேஜர் துரை என்னை ஆபீசில் நிற்க வைத்து நாய் என்றார். 'தேங்க்யூ துரை' என்று சொல்லிவிட்டுத்தான் நானும் கதவைச் சாத்தினேன். அந்த வக்கீல் யாரிடமும் வேலை பார்த்ததே இல்லையா?

ஸுல்கிஃப்லி தன் டீக்கடையில் ரேடியோவை அணைத்துவிட்டான். "அவன் பாட்டு வந்திச்சு, சிங்காரம். நீ வர்றத பாத்தேன், அணைச்சிட்டேன்லா. தே குடி" என்றான். குடித்தேன். திரும்பி லாரி ஓட்டும்போது பார்த்தால் என் வாய் அதே பாட்டை முணுமுணுக்கிறது. இருபது வருடப் பழக்கம். ஓரமாக நிறுத்தி வாயில் அடித்துக்கொண்டேன். இந்த வாய் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

இந்த வாயைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

மழை நாளில் கொழுந்தை நிறுத்தால் கங்காணி ஈரத்துக்கென்று நூற்றுக்குப் பத்து கழிப்பாரல்லவா? என் பேச்சுக்கு இந்தத் தோட்டத்தில் எல்லோரும் தொண்ணூறு கழிப்பார்கள். புலியைப் பார்த்தேன் என்றால் பூனை என்று எடுத்துக்கொள்வார்கள். நம் லயத்துக்கு வந்த பத்திரிகை நிருபர் பையன் வெளியூர்க்காரன். உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதப்போவதாகச் சொன்னான். நான் குளிர்ந்துபோய், "எம் மருமக லேசுப்பட்டவளா? பன்னெண்டு வயசுல திருவிழா நாடகத்துல அவ அழுத அழுகையில கியா பார்ம் ஸ்ட்ராபெர்ரி தோட்டத்துக்கு ஒரு வாரம் தண்ணியே ஊத்தல தம்பி! நெனச்சா அருவியா கொட்டுவா!" என்றேன். அவன் ஒரு சொட்டுகூடக் கழிக்காமல் எழுதிக்கொண்டு போனான்.

பத்திரிகையில் தலைப்பு: 'நினைத்தவுடன் அழுவார்: தாய்மாமன் பெருமிதம்.' அந்தத் தாளை அவன் வக்கீல் உன் முகத்துக்கு நேரே பிடித்துப் படித்தாராம். நீ அழுதுகொண்டிருந்த நேரத்தில்.

அன்று சாயங்காலம்தான் உன் அம்மாவிடம் "இனி நான் கோர்ட்டுக்குப் போகமாட்டேன்" என்று சொன்னாயாம். அவள் அதை என்னிடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

அரசாங்க வக்கீல் ஆபீசுக்குப் போன் போட்டேன். பையனிடம் சொன்னது என் அளப்பு என்று நான் வந்து சொல்கிறேன் என்றேன். தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிட்டால் போவேன். சத்தியம் வாங்கிக்கொண்டு, 'அப்படியானால் நீ பொய் சொல்பவனா?' என்று கேட்பார்கள். ஆமாம் ஐயா, நாற்பது வருடமாக என்று சொல்வேன். அது உனக்கு நல்லதா கெட்டதா? பொய்க்காரனின் மருமகள் என்று எழுதிவிட்டால்? இரண்டு பக்கமும் பள்ளமாகத் தெரிகிறது. இப்படி ஒரு பனியில் நான் லாரி ஓட்டியதில்லை.

அதனால் உன்னிடம் மட்டும் முதலில் சொல்கிறேன். இதில் நீ ஒன்றும் கழிக்க வேண்டாம். அந்த நாடகத்தில் நீ ஒரு துளிகூட அழவில்லை. வசனம் மறந்து மரம் மாதிரி நின்றாய். நான்தான் திரைக்குப் பின்னால் இழுத்து உன் கண்ணுக்குக் கீழே தைலம் தடவித் தள்ளிவிட்டேன். நீ மேடை நடுவில் போய், மொத்தத் தோட்டமும் பார்த்துக்கொண்டிருக்க, "மாமா, எரியுது!" என்று கத்தினாய். நாடகம் அத்தோடு நின்றது. பிறகு எவரும் உனக்கு வேஷம் கொடுக்கவில்லை.

எரிந்ததை எரிகிறது என்று சொன்ன பிள்ளை நீ. அதற்கு மேல் உனக்கு நடிக்க வராது. இதை அந்தப் பையனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு நீ போ என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போகாதே என்று சொல்ல மனம் இல்லை. நீ போனால் நான் கோர்ட் வாசலில் நிற்பேன், வாயை மூடிக்கொண்டு. ஊருக்கு வருவதானால் தானா ராத்தா பஸ் ஸ்டேஷனில் நிற்பேன். எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் சொல். பேச வேண்டாம். இடத்தின் பெயரை மெசேஜில் போட்டால் போதும்.

மாரியாத்தா உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சிங்காரம்.